வட்டம் கோடான மீன்

1

இந்தக் கதை எனக்குச் சண்டையாகத்தான் வந்தது. மரக்காணத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருத்தி போனில், "அது என் மீனே இல்ல!" என்று கத்தினாள். மீதியை நான் கட்டினேன். உப்பளத்துக்காரர் மகள், பவுலின் என்று பெயர் வைத்தேன். குவைத்தில் நர்ஸ்; இரண்டு வருஷம் கழித்துக் கணவன் ஜெரால்டிடம் திரும்புகிறாள்.

தொடக்கம்: கடற்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்... (வேண்டாம். காற்றைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?)

2

நாலடித் தொட்டிக்குள் ஒரு சாணுக்கு மேல் மீன். உடம்பெல்லாம் மஞ்சள் கோடுகள். அவள் விட்டுப்போனது விரல் நீளக் குஞ்சு. கருநீலத்தில் வெள்ளை வட்டங்கள்.

"என் மீன் எங்க?"

"இதான் பவுலி. வளந்துடுச்சி."

"வளந்தா வட்டம் கோடாயிடுமா? யாருக்குக் காது குத்துற?"

"எம்பரர் ஏஞ்சல் மீனு அப்படித்தாம்மா. பெருசானா வேஷம் மாறிடும். மீன வித்த கடைக்காரனக் கேளு."

"அவனும் உன் ஆளுதானே. வீடியோல காட்டச் சொன்னப்பல்லாம் தொட்டி லைட்டு போயிடுச்சின்னியே?"

"போயிடுச்சிதான்."

"ரெண்டு வருஷமாவா?"

[அடிக்குறிப்பு: மீனைப் பற்றி ஜெரால்டு சொல்வது சரி, விசாரித்துவிட்டேன். வட்டம் அழிந்து கோடு வரும். கிட்டத்தட்ட ஒரு முழம் வளரும். நாலடித் தொட்டி அதற்குச் சிறை. ஆனால் உண்மை சொல்கிறவனுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? எனக்கே அவன்மேல் சந்தேகம்.]

3

பவுலின் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"இது கடல் தண்ணி இல்ல. கசப்பே காணோம். எங்க அளத்து உப்பக் கரைச்சிருக்க."

"உப்புதானே கடலு?"

"கசப்பெல்லாம் வடிச்சிட்டுதானேய்யா உப்ப வார்றோம்! இதுல மீன் எத்தினி நாளு தாங்கும்?"

"முந்தாநாள்தான் கலந்தேன். கடல் தண்ணி கொண்டாற வண்டி ரிப்பேரு. மாதா மேல சத்தியம்."

"அரைக் கிலோமீட்டருக்கு வண்டியா? மாதாவ இழுக்காத."

முந்தாநாள் என்றால் இது அவள் மீன்தான். தினமும் இந்தத் தண்ணீர் என்றால் அவள் குஞ்சு எப்போதோ செத்து, இது கடையில் வாங்கியது. மீனிலேயே பொய் சொன்னவன் இரண்டு வருஷத்தில் இன்னும் எதிலெல்லாம்?

4

முடிவு ஒன்று: அவன் அழுது ஒப்புக்கொள்கிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: கடைக்காரன் சாட்சி சொல்ல வருகிறான். (அவனை நானே நம்பவில்லை.)

அதற்குள் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பவுலின் நான்கு கேன்களை எடுத்து, இரண்டை அவன் கையில் திணித்தாள்.

"நட, கடலுக்கு. மொதல்ல உசுரக் காப்பாத்துவோம். வழியில நெசத்தச் சொல்லு."

காலிக் கேனோடு போகும்போது அவன் ஒன்று சொன்னான். நிறைந்த கேனோடு திரும்பும்போது வேறொன்று சொன்னான். இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் அவளுக்குப் பதில் நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். கேனைக் கீழே வைக்காமல் நீங்களே அவளோடு நடந்து பாருங்கள். எது நிஜம், போகும்போது சொன்னதா, வரும்போது சொன்னதா?