காயாத சுவரில் ஒரு முகம்

கார்முகில் கடற்பக்கமிருந்து திரண்டெழுந்து, புகைபோக்கிகளையும் கூரைகளையும் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பின் நெடுந்தெருவை நோக்கி நகர்ந்துவந்த அந்தப் பிற்பகலில், ஆலைமதிலின் முன் ஒருத்தி இருப்புக்கொள்ளாமல் உலவிக்கொண்டிருந்தாள் என்றால், நயமறிந்த நண்பரே, அவளை நீர் குறைகூற மாட்டீர். ஆலைத்தீயில் மாண்ட பதினொருவரின் முகங்களை, நாற்பது நாள் சாரத்தில் நின்று அம்மதிலில் தீட்டிமுடித்த ஓவியக்காரி அவள். ஈரம் அறியச் சுவரில் ஒட்டிவைத்திருந்த கண்ணாடித்தாளை அடிக்கொருதரம் எட்டிப்பார்த்தாள். பார்க்கும்தோறும் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. சுவருக்குள் ஈரம் இன்னும் வற்றவில்லை. ஈரச்சுவரின்மேல் காப்புப்பூச்சு பூசலாகாது.

பதினொருவருள் ஒருவன் அவள் அக்காளின் கணவன். அவனுடைய ஒரே நிழற்படமும் சட்டைப்பையோடு எரிந்துபோனதால், தங்கை நினைவிலிருந்து தீட்டிய அந்த முகமே அக்காளுக்கு எஞ்சியது. மூக்கு சற்றே கோணல் என்று அவள் சொல்லியும், தங்கை அதை அழகாக நிமிர்த்தியிருந்தாள். இப்போது அக்காள் சாரத்தடியில் நின்று, முந்தானையை முறுக்கியும் அவிழ்த்தும் வானையே பார்த்தாள்.

"மழை வந்தா எல்லாம் போயிடுமேடி. பூசிடு."

"ஈரம் காயலக்கா. இப்போ மூடினா, வெளிய வர வழியில்லாம அது வண்ணத்தையே தள்ளிடும்."

"உன் மாமா முகத்துக்கு மட்டுமாவது பூசு. உன் கால்ல வேணா விழறேன்."

கைத்தொழிலறிவு வேண்டாமென்று தடுத்தது. அன்போ பூசிவிடு என்றது. கண்ணை இறுக மூடித் திறந்து, அவன் முகத்தின்மேல் மட்டும் பூசினாள்.

மூன்று நாள் மழை விடாது பெய்தது. நான்காம் நாள் இருவரும் ஓடிவந்து பார்த்தபோது, பூச்சில்லாமலே சுவரின் சுண்ணத்தோடு இறுகியிருந்த பத்து முகங்கள் சற்று மங்கினும் நலமாயிருந்தன. அவன் முகம் மட்டும் வெண்படலம் படர்ந்து கொப்புளித்திருந்தது; தொட்ட விரலோடு கன்னம் பெயர்ந்து வந்தது.

"தெரிஞ்சே பண்ணிட்டேனேக்கா" என்று தங்கை உட்கார்ந்து அழுதாள்.

அக்காள் சுரண்டியை எடுத்து நீட்டினாள். "அழுதா சுவர் காயாது. சுரண்டு. இந்தத் தடவயாவது மூக்கைக் கோணலாப் போடு."

கோணல் மூக்கோடு அவன் மீண்டும் மதிலேறினான். இழந்துவிடுவோமோ என்று பதறும் கையே காக்கவேண்டியதைச் சிதைத்துவிடுவதுண்டு; காத்திருப்பதும் ஒருவகைக் காவலே. கண்ணாடித்தாளை இம்முறை அக்காளே ஒட்டி, காலைதோறும் வந்து பார்த்தாள். பத்தொன்பதாம் நாள் அதில் ஒரு துளியும் இல்லை. தங்கை தூரிகையை நனைத்தாள். அக்காள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்டி. அவர் எங்கயும் போயிட மாட்டார்."