பதினைந்தாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எங்களிடம் பதினாலு பேர்தான் இருந்தார்கள்.

எங்கள் நாட்டுக் கால்பந்தில் பதினைந்து பேர் களத்தில் இறங்கியாக வேண்டும் என்பது விதி. இறங்கியவன் அடிபட்டு வெளியேறினால் பரவாயில்லை, அவனும் கணக்கில் உண்டு. பதினைந்தாவது ஆள் இறங்கவே இல்லையென்றால் வெற்றி எதிரணிக்கு. அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஒருமுறை அப்படி விட்டுக்கொடுத்திருந்தோம். இன்னொரு முறை நடந்தால் எங்கள் கில்டாரா அணியைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அப்புறம் பக்கத்து ஊர் பாலிநூவோடு சேர்ந்துதான் ஆட வேண்டும். அதற்குப் பதில் அணியைப் புதைத்துவிடலாம் என்பார்கள் எங்கள் ஊரில்.

மற்றவர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பெர்த், சிட்னி, டொராண்டோ. கட்டட வேலைகள் நின்ற பிறகு ஒரு முழு அணியே விமானம் ஏறிவிட்டது. கோல் காக்கும் ஷேமிக்கு நாற்பத்தெட்டு வயது.

என் அண்ணன் கார்மக் அதே ஞாயிறு மாலை டப்ளினிலிருந்து பெர்த்துக்குப் பறக்க இருந்தான். கட்டடப் பொறியியல் படித்தவன். இரண்டு வருடமாக அவன் கட்டியது எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டு ஒன்றுதான். பெர்த்தில் ஒரு சுரங்க நிறுவனம் வேலை தந்திருந்தது. புதன்கிழமை வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா டோமினிக்தான் அணியின் பயிற்சியாளர். கிளம்புகிறேன் என்று கார்மக் சொன்ன நாளிலிருந்து அவர் அவனோடு பேசவில்லை. இருவருக்கும் நடுவில் தங்கை நான். வேதியியல் படித்துவிட்டு பெட்ரோல் பங்க் கடையில் பகுதிநேரமாக நிற்கிறேன். அதிகம் பேச மாட்டேன். தூது போக அது வசதி.

சனிக்கிழமை பெட்டி கட்டும்போது கார்மக் சொன்னான்: "ஓர்லா, அப்பாகிட்ட சொல்லு. நாளைக்கு நான் இறங்குறேன். பத்து நிமிஷம். அப்புறம் அடிபட்ட மாதிரி விழுந்துடறேன். நீ வண்டிய தயாரா வச்சிரு."

அப்பா டிவி முன்னால் இருந்தார். போய்ச் சொன்னேன்.

"விழத் தெரியுமான்னு கேளு. அவனுக்கு நடிப்பெல்லாம் வராது."

கதவு திறந்துதான் கிடந்தது. கார்மக் உள்ளிருந்தே, "கத்துக்கறேன்னு சொல்லு" என்றான்.

மறுநாள் காலை அம்மா வீட்டு வாசலிலேயே அவனை வழியனுப்பிவிட்டாள். மைதானத்துக்கு வர மறுத்துவிட்டாள். தூறல். எல்லைக்கோட்டை ஒட்டி வழக்கம்போல கார்கள் வரிசையாக நின்றன, உள்ளே ஆட்கள் தேநீர்க் குடுவையோடு. எங்கள் காரை வாயிலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். பின்சீட்டில் அவன் பெட்டி.

எதிரணி பாலிநூ. கார்மக்கை மறிக்க வந்தவன் லோர்கன், கழுத்தே இல்லாத ஆள்.

"என்னடா, மூட்டை கட்டியாச்சாமே? கங்காருவுக்கு எங்க ஊரு சார்பா ஒரு கும்பிடு போடு."

"உன் போட்டோவக் காட்டறேன். சொந்தக்காரன்னு நெனச்சுக்கும்."

ஷேமி கோலுக்குள்ளிருந்து கத்தினார்: "பேச்ச விட்டுட்டு ஓடுங்கடா. எனக்கு இடுப்பு வலி."

பத்து நிமிடம் ஆயிற்று. கார்மக் விழவில்லை. பந்து அவனிடம் வந்தது, இரண்டு பேரைத் தாண்டி கோல் கம்பத்துக்கு மேலே அடித்தான். அப்படி மேலே போனால் ஒரு புள்ளி. கார்கள் ஹாரன் அடித்தன. இன்னொன்று அடித்தான். லோர்கன் சட்டையைப் பிடித்து இழுத்தும் அவன் விழவில்லை. அவன் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. வேலை தேடி அலைந்த நாட்களில் கூன்போட்டு நடந்தவன் இப்போது நிமிர்ந்து ஓடினான்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தான்.

"கார்மக், நேரமாச்சு."

"இன்னும் கொஞ்சம். ஒரு புள்ளிதான் முன்னால இருக்கோம். நான் போனா இவனுங்க முடிஞ்சானுங்க."

"விமானம் காத்திருக்காது."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஷேமியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், விமானம் போய்விடும். பையன் கூப்பிடு தூரத்தில் இருப்பான், கோழிக்கூண்டைப் பழுது பார்த்துக்கொண்டு.

இரண்டாம் பாதி தொடங்கியது. கார்மக் இந்த முறை வலைக்குள்ளேயே அடித்தான், அதற்கு மூன்று புள்ளி. ஹாரன்கள் நிற்கவே இல்லை. அப்பா கைதட்டவில்லை, ஆனால் வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் தூது சொல்லி அனுப்பவில்லை.

"அப்பா, நீங்க கூப்பிடணும்."

"அவனுக்குக் கால் இருக்கு. வரணும்னா வருவான்."

"வர மாட்டான். நீங்க ஒரு வார்த்தை பேசுவீங்கன்னுதான் அங்க ஓடிக்கிட்டு இருக்கான்."

அவர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரமும் நல்லா ஆடுவான். அதுக்கடுத்த வாரமும். மத்த ஆறு நாளும் என்ன பண்ணுவான்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் காரில் ஒருவர் கண்ணாடியை இறக்கினார். அப்பா காலையில் சர்ச்சுக்குப் போட்டுப்போன நல்ல ஷூவோடு சேற்றில் இறங்கி நேராகக் களத்துக்குள் நடந்தார்.

நடுவர் ஊதினார். "டோமினிக், என்ன இது? ஆட்டம் நடக்குது."

"பையனுக்கு முழங்கால்ல அடி. வெளிய கூட்டிட்டுப் போறேன்."

"இப்பதானய்யா முயல் மாதிரி ஓடினான்."

"அப்பன் சொல்றேன். அடி."

நடுவர் கார்மக்கைப் பார்த்தார். வாயிலைப் பார்த்து நிற்கும் எங்கள் காரைப் பார்த்தார். தலையசைத்தார்.

"எனக்கு ஒன்னும் இல்ல" என்றான் கார்மக்.

"நொண்டு" என்றார் அப்பா.

"என்ன?"

"நொண்டிக்கிட்டே வாடா. எல்லாரும் பாக்குறாங்க."

அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவன் ஒரு காலைத் தூக்கினான். இருவரும் மெதுவாக வந்தார்கள். லோர்கன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"டேய். என் தம்பியும் பெர்த்லதான். ஓட்டல் சமையக்கட்டுல. போனீன்னா அவனப் போய்ப் பாரு. போன்ல அழறான்."

"பாக்கறேன்."

எல்லைக்கோடு தாண்டியாயிற்று. அதற்குமேல் நொண்ட அவசியமில்லை. ஆனால் அப்பா தோளைக் கொடுத்தபடியே வந்தார், கார்மக்கும் காலை ஊன்றவில்லை. கார்க் கதவருகில் வந்துதான் நின்றார்கள்.

"அங்க வெயில் ஜாஸ்தி" என்றார் அப்பா. "தொப்பி வாங்கிக்க."

"சரிப்பா."

"வாங்குவியா?"

"வாங்கறேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டு, "பதினாலு பேரும் பின்னால வாங்கடா, பின்னால" என்று கத்திக்கொண்டே எல்லைக்கோட்டுக்குத் திரும்பினார்.

நான் வண்டியைக் கிளப்பினேன். கார்மக் சேற்றுக் காலணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிற்றில் ஒட்டிய சேற்றை விரலால் சுரண்டினான். பெருஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில் பின்னால் மறுபடியும் ஹாரன்கள் கேட்டன.

"யாரு அடிச்சது? நம்மாளா அவனுங்களா?" ஜன்னலை இறக்கி எட்டிப்பார்த்தான். "ஓர்லா, ஒரு நிமிஷம் நிறுத்து."

"முடியாது" என்றேன்.

அவன் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டான். நான் டப்ளின் சாலையில் திருப்பினேன்.