ஓடையில் ஏறி வந்தவை

நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரான அவள் போட்ட புறவழிச்சாலை, கடலோரச் சதுப்பில் பாதியை விழுங்கிவிட்டது. அதற்கு ஈடாக, மீன்வளத் துறையோடு சேர்ந்து, ஓடையின் குறுக்கே ஐம்பது வருடமாகச் சும்மா நிற்கும் தடுப்புச் சுவரை அவள் துறை இடித்துத் தர வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தம்.

"கட்டுறதுக்குப் படிச்சவ, இடிக்கக் கிளம்பிட்டியா?" என்று கணவன் கிண்டலடித்தான்.

மீன்வள அதிகாரிக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாக எலியும் பூனையும்தான். 'இந்த மனுஷனுக்குக் காகிதத்தில்தான் மீன் நீந்தும்' என்று சிரிப்பாள். சுவர் போனாலும் மீன் வர மூன்று வருடமாவது ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார்.

சுவரின் நடுவில் முதல் பிளவை உடைத்து மூன்றாம் நாள். தூறல் விடவில்லை. அன்றைக்குள் இடிபாட்டை அள்ளியாக வேண்டும். இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, அளவு பார்க்க முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

பிளவின் ஓரத்தில் மெல்லிய புல் அலைந்தது. காலால் ஒதுக்கப் போனவள் அப்படியே நின்றாள். தண்ணீர் கீழே போகிறது. புல் மேலே போகிறது.

குனிந்தாள். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். கண்ணாடிபோன்ற உடம்புக்குள் கடுகளவு இதயம் துடிப்பதுகூடத் தெரிந்தது. ஈரக் கல்லில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி, ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்க! மெஷின நிறுத்துங்க!"

ஓட்டுநர் பதறிப்போய் அணைத்தார். மீன்வள அதிகாரி ஷூவோடு தண்ணீருக்குள் ஓடிவந்தார். அவரும் குனிந்து பார்த்தார்.

"விலாங்குக் குஞ்சு மேடம்," என்றார். "நடுக்கடல்ல பொறந்ததுங்க. வருசா வருசம் இந்தச் சுவர் வரைக்கும் வந்து முட்டிட்டு நின்னிருக்கும்போல. எங்க கணக்கெடுப்புல ஒண்ணுகூட சிக்கல."

அதற்குள் மேலதிகாரி போனில் அழைத்தார். "வேலை ஏம்மா நிக்குது?"

"வழியில ஆளுங்க போறாங்க சார்."

"எத்தன பேரு?"

"எண்ண முடியல சார். அவங்க போய் முடிக்கட்டும். அப்புறம்தான் மெஷின் ஓடும். நான் எழுதித் தர்றேன்."

ஒன்பது நாள் ஓடையில் யாரும் இறங்கவில்லை. தாமத அறிக்கையில் இரண்டு துறையின் கையெழுத்தும் விழுந்தது. அதில் மீன்வள அதிகாரியின் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

அவற்றை முதலில் பார்த்த அன்று மட்டும் அவள் கரையேறவே இல்லை. கால் மரத்துப்போயிற்று. இரண்டு பூட்ஸுக்கும் நடுவே, அவளையும் ஒரு கல்லாக நினைத்து, அவை சுற்றிக்கொண்டு மேலே போயின. மூச்சு விடக்கூடப் பயந்து நின்றாள்.