மருந்து சலிக்கிற வேலை

சங்கிலிமுத்துவுக்கு முதல் வலிப்பு வந்தது தீப்பெட்டி ஆபீசில், எல்லோர் கண்ணெதிரிலும். குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்கிக்கொண்டிருந்தவன் சட்டத்தோடு பின்பக்கமாகச் சாய்ந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. ஒருவர் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவன் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நெம்பியதில் முன்பல் உடைந்தது. அதே ஆபீசில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி மாரித்தாய் கேள்விப்பட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் அடங்கி, அவன் தரையில் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வேட்டி நனைந்திருந்தது. பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து அவன் இடுப்பில் போட்டுவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

அது சீனாக்காரன் சண்டைக்கு முந்தின வருஷம். மறுநாளே அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாரித்தாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவள் மொண்ட பானையில் மற்றப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். அவள் வீட்டிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

அப்புறம் அலைச்சல். ஒரு கோவிலில் வேப்பிலை அடித்தார்கள். இன்னொரு ஊரில் நெற்றியில் சூடு போட்டார்கள். புண் ஆறுவதற்குள் இரண்டு முறை இழுத்துவிட்டது. அவர்கள் ஊரான ஆமத்தூரில் யார் எந்த ஊரைச் சொன்னாலும் அவள் அங்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் நம்பிப் போனாள். பிறகு போகாமலிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று போனாள். கடைசியில், பஸ்ஸில் அவனுக்கு வந்துவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறெந்த வேண்டுதலும் அவளிடம் மிச்சமில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அப்படித்தான், யாரோ சொன்னார்கள் என்று. டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞானசுந்தரி என்ற நர்ஸ் அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு மாரித்தாயைப் பெஞ்சியில் உட்காரச் சொன்னார்.

"இது பேயும் இல்ல, ஒட்டுற நோயும் இல்லம்மா. மூளைக்குள்ள திடீர்னு ஒரு கொழப்பம் வருது, கொஞ்ச நேரத்துல அதுவா அடங்குது. வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வையி. சாவியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பக்கத்துலேயே இரு, அம்புட்டுத்தான். மாத்திரையை மட்டும் ஒருநாளும் விட்டுறக் கூடாது. நெருப்புப் பக்கமும் கெணத்துப் பக்கமும் விடாதே."

"எப்பம் சரியாகும் நர்சம்மா?"

"சிலருக்கு நின்னுரும். சிலருக்கு இதோடயே இருக்கணும். இதோடயே இருக்கலாம்மா."

மாரித்தாய்க்கு அழுகை வரவில்லை. அவ்வளவு நாள் ஆனபிறகு ஒருவர் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னதே போதும் என்றிருந்தது.

மாத்திரை கேட்டது. வாரம் தவறாமல் வந்த வலிப்பு மாதக்கணக்கில் வராமல் இருந்தது. ஆனால் சங்கிலிமுத்து எந்நேரமும் அரைத்தூக்கத்தில் இருந்தான். பேசினால் நாக்குக் குழறியது. மனைவி வேலைக்குப் போக, அவன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெட்டிக் கட்டு வாங்கிவந்து வீட்டில் ஒட்டலாமே என்று அவள் ஒருதரம் சொன்னபோது, "சேலையும் எடுத்துக் குடுத்துரு, கட்டிக்கிடுதேன்" என்றான். அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் அவனே விடியற்காலம் எழுந்து குளித்தான். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடையில் மூடை அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றான். முகம் தெளிந்திருந்தது, நாக்குக் குழறவில்லை. அவளுக்கும் சந்தோஷம்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கிற அளவுக்கு அசதியும் இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. காது மடலுக்குப் பின்னால், மடிப்பில், வெள்ளியாக ஏதோ மினுங்கியது. விரலால் துடைத்துப் பார்த்தாள். வத்தல் மூடை தூக்குகிறவனுக்கு அலுமினியத் தூள் எங்கிருந்து வரும்?

"எந்தப் பட்டாசு ஆபீசு மச்சான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மச்சான், உங்களத்தான்."

"சிவகாசி ரோட்டுல. மருந்து சலிக்கிற ரூம்புல நிக்கேன். அங்கன யாருக்கும் தெரியாது."

"மாத்திரை?"

"அதைப் போட்டா மத்தியானம் வரைக்கும் தலை நிக்க மாட்டேங்கு. தூங்கிக்கிட்டே மருந்து சலிக்க முடியுமா? விட்டுட்டேன். விட்டதுல இருந்து ஒண்ணும் வரலைல்லா?"

"பக்கத்து ரூம்புல யாரு இருக்காக?"

"திரி சொருகுற பொம்பளைக."

"நீங்களே போயிச் சொல்லிட்டு நின்னுருங்க மச்சான்."

"ஏ புள்ள, நான் ஆம்பளையா வேலைக்குப் போறது ஒனக்குப் பொறுக்கலையா?" தலையில் எண்ணெய் வழிய அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றிரவிலிருந்து கஞ்சியில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். தூக்கக் கலக்கத்தோடு அவன் அந்த அறையில் நிற்பதை நினைத்ததும் அதுவும் பயமாக இருந்தது. தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. அவன் தினமும் போனான். தீப்பெட்டி ஆபீசில் தூரத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் அவள் வேலை நின்று, கையில் பசை காய்ந்துபோகும்.

வியாழக்கிழமை காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே அவனுக்கு வந்துவிட்டது. இதுவரை வந்ததிலேயே இதுதான் பெரிது. அவள் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அடங்கியது. வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தவன் அவளை யாரோ மாதிரி பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்து நின்று, சட்டையை எடுத்து மாட்டினான்.

"இன்னைக்கு மட்டும் வேண்டாம் மச்சான்."

"தீவாளி லோடு போகணும்" என்றான், கடித்த நாக்கோடு. போயே விட்டான்.

மாரித்தாய் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து, சிவகாசி ரோட்டில் விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பட்டாசு ஆபீஸ் போர்மேன் பெயர் சீனிவாசகம். வாசலில் நின்று அவள் சொன்னதை முதலில் அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியதும் வெளிறிப்போனார்.

"நீ அவன் பொண்டாட்டியா? புருசன் வேலையைக் கெடுக்க நீயே வந்து நிக்கியே?"

"அவுக விழுந்தா அவுக மட்டும் சாக மாட்டாக அண்ணாச்சி. இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சு. எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்லாதீக. ஏதாச்சும் சாக்குச் சொல்லிக் கூப்பிடுங்க."

அவர் அப்படியே செய்தார். ஆள் அனுப்பாமல் தானே போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார். வேப்பமரத்தடியில் மனைவி நிற்பதைக் கண்டதும் சங்கிலிமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான்.

ஆமத்தூர் வரைக்கும் நடை. அவன் முன்னால், அவள் கூப்பிடு தூரத்தில் பின்னால். இரண்டு பஸ் தாண்டிப் போனது; அவன் கை காட்டவில்லை. அவளும் காட்டவில்லை. அவன் தள்ளாடும்போதெல்லாம் அவள் எட்டி நடந்தாள். நிமிர்ந்துகொண்டால் மறுபடி பின்தங்கினாள். வெயிலில் கரிசல் காடு முழுக்கக் கானல் ஓடியது.

அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பவில்லை. மாத்திரையை நிறுத்தியதன் விளைவோ என்னவோ, வலிப்பு அடுத்தடுத்து வந்தது. ஒரே பகலில் மூன்றாம் முறை விழுந்து எழுந்தபோது அவன் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள், வந்தான்.

ஞானசுந்தரி திட்டவில்லை. "தூக்கமா வருதுன்னு வந்து சொல்லியிருக்கலாம்லா அண்ணே? அளவை மாத்திப் பார்க்கலாமே" என்று மட்டும் கேட்டார். டாக்டர் பகல் மாத்திரையைக் குறைத்து ராத்திரிக்கு மாற்றினார். கொஞ்ச நாளில் தூக்கம் மட்டுப்பட்டது. வலிப்பு நின்றுவிடவில்லை, எப்போதாவது வந்தது. வந்தால் பக்கத்து வீட்டு அய்யம்மாள்கூட இப்போது சாவியைத் தேடுவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு மாரித்தாய்க்கு ஆளனுப்புவாள்.

கார்த்திகை வாக்கில், மாரித்தாய் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பசைக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவன் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். பெட்டிகள் கோணல் மாணலாக இருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து மூலையை மடித்துக் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து, "நீ அங்கன வந்து நின்னதை நான் மறக்கவே மாட்டேன்" என்றான்.

"மறக்க வேண்டாம்" என்றாள் அவள்.

அவன் அடுத்த பெட்டியை எடுத்தான். மாரித்தாய்க்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. உலை வைக்க எழப் போனவள் எழ முடியாமல், அங்கேயே, பெட்டிக் கட்டின்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவன் பசைக் கிண்ணத்தை அவள் கைபடாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தான்.