தலைமை: கடைசியாக வருபவர்

மைக்கை அணைக்க மறந்தது நான்தான். பழியை அபுதாஹிர் மேல் போட அன்றைக்கே முயன்று பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும் மைக் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டுவிட்டான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாதம். எங்கள் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்காக ராஜபாளையம் முழுக்கத் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனோம். பஞ்சு மார்க்கெட் முக்கில் ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சோடா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அபுதாஹிரிடம் மனம்விட்டுப் பேசினேன்.

"கூட்டத்துக்குக் கூட்டம் வேற தலைவரு. இதெல்லாம் ஒரு சங்கமாலே? நாலு பேரு மதிக்க வேண்டாமா? நிரந்தரமா நானே இருந்துட்டுப் போறேன். எனக்கு என்ன கொறச்சல்? தலைவர்னு ஆயிட்டா எம் பொண்டாட்டிகூட எந்திரிச்சு நிப்பா."

அபுதாஹிர் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க பேசுதது எதிர்க் கடையில பட்டுத் திரும்பி வருது. கேக்கலையா?" என்றான்.

கேட்டது. ஆட்டோ கூரை மேலிருந்த இரண்டு குழாயும் என் ஆசையை மார்க்கெட்டுக்கே வாசித்திருந்தன. மூட்டை சுமந்தவர்கள் மூட்டையை முதுகிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி வேலுத்தாய் வாசலில் எழுந்து நின்றாள். "வாங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு, மறுபடி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

இதில் ஊர் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், எங்கள் சங்கம் பிறந்த கதை தெரிய வேண்டும்.

எண்பத்தொன்றில் நடந்தது அது. ராஜபாளையத்தில் எங்கள் மில். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே முதலாளியின் இன்னொரு மில். பழைய சங்கத்துத் தலைவர் எங்களில் ஒருவரையும் கேட்காமல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆள்குறைப்பு என்று பேப்பரில் படித்துத்தான் எங்களுக்கே தெரியும். இரண்டு மில் தொழிலாளர்களும் வேலையை நிறுத்திவிட்டு, சொந்தமாக ஒரு சங்கம் வைக்கக் கூடினோம். எந்த ஊரில் கூடுவது? அந்த ஊர்க்காரன் இங்கே வரமாட்டான், இந்த ஊர்க்காரன் அங்கே போகமாட்டான். கடைசியில் இரண்டுக்கும் நடுவே வன்னியம்பட்டி விலக்கில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள்.

விரித்தவுடன் சண்டை. யார் தலைமை?

"எங்க ஊர்ல ஆண்டாளே இருக்கா. எங்க ஆளுதான்" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர்.

"ஆண்டாள் வந்து தலைமை தாங்கட்டும், நாங்க கும்பிட்டுக்கிடுதோம். நீரு எதுக்கு?" என்றார் எங்கள் பீர் முகமது பாய்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளத்தாய் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்து பஸ்ஸ விட்டு நம்ம ஆளு யாரு எறங்குதாகளோ, அவிய தலைவரு. பேச்ச முடிங்க" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் இறங்கியவன் தவசிமுத்து. அதாவது நான். செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் இரண்டாம் தடவை வரும் என்று பந்தியில் காத்திருந்ததில் நேரமாகிவிட்டது. இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அதுவே விதியாகிவிட்டது. கூட்டத்துக்குக் கடைசியாக வருபவர் அன்றைக்குத் தலைமை. பேச்சுவார்த்தைக்கும் அவரே போக வேண்டும். நோட்டீஸில் 'தலைமை: கடைசியாக வருபவர்' என்று அடிக்கக் கொடுத்தபோது, அச்சகத்துக்காரர், பெயரை எழுத மறந்துவிட்டீர்களா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். தலைமை ஆசையில் சில பேர் எதிர் டீக்கடையில் ஒளிந்திருந்து, கடைசி ஆளாக நடந்து வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஏழு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். அதற்கும் வெள்ளத்தாய் அக்காதான் மருந்து கண்டுபிடித்தாள். தலைமை தாங்குகிறவர் கூட்டம் முடிந்ததும் டீ கிளாஸ் அம்புட்டையும் கழுவ வேண்டும். மறுவாரமே டீக்கடை காலியாகிவிட்டது.

விளையாட்டுபோல வந்த விதிதான். ஆனால் முதலாளிக்கு யாரை விலை பேசுவதென்று கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு முகம் எதிரே போய் உட்கார்ந்தது. மூன்று மாதம் கஞ்சி குடித்தோம். நோன்பு மாசத்தில் பாய் வீட்டுக் கஞ்சி, மற்ற நாளில் எல்லோரும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. சாயங்காலம் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கும். கண்டக்டர்கள் "சங்கமெல்லாம் எறங்கு" என்று விலக்கில் விசில் அடிப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் சிரித்ததுபோல் நான் அதற்குப் பிறகு சம்பளம் வாங்கிக்கூடச் சிரித்ததில்லை. முடிவில் எல்லோரையும் திரும்ப எடுத்தார்கள். வெள்ளத்தாய் அக்காவை மட்டும் எடுக்கவில்லை. அவளுக்காக இன்னும் இழுத்துப் பிடிக்கலாம் என்றபோது, "பிள்ளைகளுக்குப் பசிக்கி. போய் வேலையப் பாருங்கலே" என்றாள். பொறவு தேரடிப் பக்கம் இட்லிக் கடை போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு வருஷம் அந்த விதி ஓடியது. தொண்ணூற்று மூன்றில் வைகுண்டராஜ் வந்து கேட்டான். எங்கள் மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பையன், படித்தவன், நல்லவன்.

"அண்ணாச்சி, போனஸ் பேச்சு ஏன் முறிஞ்சது? போன தடவ போனவரு என்ன பேசுனாருன்னு இந்தத் தடவ போனவருக்குத் தெரியல. நிரந்தரமா ஒருத்தர் வேணும். ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. முதல் பாதியில் நியாயம் இருந்தது. இரண்டாம் பாதியில் நான் இருந்தேன். இரண்டுமாகச் சேர்ந்து என்னைத் தூங்கவிடவில்லை. பொதுக்கூட்டத்தில் விதியை மாற்றித் தீர்மானம் போடுவது என்று ஏற்பாடாயிற்று. அதை அறிவிக்கப் போன இடத்தில்தான் மைக் விவகாரம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் இருக்கலாமா, கூடாதா?

பீர் முகமது பாயிடம் மில்லுக்குள்ளேயே கேட்டேன். அடுத்த மெஷினில் நின்றார்.

"பாய், நான் தலைவரா இருக்கலாமா?"

"தவசி, ஒம் மெஷின்ல நூல் அந்துபோச்சு பாரு."

"இருக்கலாமா, கூடாதான்னு கேக்கேன்."

"அந்துபோச்சுங்கேன்."

வேலுத்தாயிடம் கேட்டேன். "தலைவர்னா வீட்டுக்கு ஆளு வருமா?" என்றாள். வரும் என்றேன். "அப்ப காப்பித்தூளு கூட வாங்கிப் போடுங்க" என்றாள். சம்மதமா, கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறினேன். வெள்ளத்தாய் அக்கா மூட்டுவலியால் கூட்டத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது. கேட்டதற்கு மேல் இரண்டு இட்லி வைத்தாள்.

"அக்கா, நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே."

"சட்னி ஊத்தவா?"

"நான் கேட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"நீ ராஜபாளையத்துல பேசுனதே இங்ஙன கேட்டுச்சு. தின்னு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான்தான் முதல் ஆள். கடைசியாகப் போனால் என் தேர்தலுக்கு நானே தலைமை தாங்கும்படி ஆகிவிடும் என்ற பயம். நான் முதல் ஆளாக வந்து பார்த்தறியாத எதிர் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "கூட்டம் அடுத்த வாரமா, அண்ணாச்சி?" என்றார்.

ஆட்கள் வந்தார்கள். முன்பு மரத்தடி கொள்ளாது. இப்போது இரண்டு ஜமுக்காளத்துக்கு இருந்தார்கள். வைகுண்டராஜ் வாடகைக்கு ஓர் இரும்பு நாற்காலி எடுத்து வந்து ஜமுக்காளத்தின் நடுவில் போட்டான். அந்த மரத்தடிக்கு வந்த முதல் நாற்காலி. எல்லோரும் அதைப் பார்க்காதமாதிரி பார்த்தார்கள். நான் மட்டும் பார்த்தமாதிரியே பார்த்தேன்.

ஆரம்பிக்கலாம் என்னும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட, வெள்ளத்தாய் அக்கா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அன்றைய தலைமை அவள்தான்.

மெதுவாக நடந்து வந்தாள். நாற்காலியை ஒருதரம் அசைத்துப் பார்த்து, அதிலேயே உட்கார்ந்தாள். "மூட்டுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பேசுதவன் பேசு."

வைகுண்டராஜ் பேசினான். போனஸ் முறிந்த கதையை ஒழுங்காகச் சொன்னான். போன தடவை போனவர் அடுத்தவரோடு துணைக்குப் போனால் போதாதா என்று பாய் முணுமுணுத்தார். அது ஒட்டுப்போடுகிற வேலை, சட்டையையே மாற்ற வேண்டும் என்றான் அவன். "தவசிமுத்து அண்ணாச்சி இருக்கதுல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

ஆட்சேபணையும் இல்லை, ஆதரவும் இல்லை. எல்லோரும் புளியமரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக என் ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற பாய்கூட மரத்தைத்தான் பார்த்தார். எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். அதுதான் அன்றைக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன். சொல்ல ஒரு ஜோக் தேடினேன். அகப்படவில்லை.

"யக்கா, எல்லாரும் என்னைய சுத்தவிட்டாச்சு. நீயாவது நேராச் சொல்லு. நான் நிரந்தரத் தலைவரா இருக்கலாமா, கூடாதா?"

"கூடாது."

அவ்வளவு சின்ன வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. "ஏன்? நான் கெட்டவனா?"

"கெட்டவன்னா இருந்துட்டுப் போன்னுருப்பேன்லே. ஒரே மாசத்துல எறக்கிப் போட்டுருவாக. நீ நல்லவன். நாளைக்கு நீ ஒரு தப்புப் பண்ணுனா, ஒன்னய எறங்குன்னு சொல்ல இங்ஙன ஒருத்தனுக்கும் மனசு வராது. எனக்கும் வராது. அதான் இப்பவே சொல்லுதேன்."