நல்ல மார்க் வாங்கிய அப்பா

எனக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஆள் வரும் நாளில், காலையிலேயே முகச்சவரம் செய்து, மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டேன். வட ஜப்பானில் எங்கள் அகிதா பக்கத்தில் எண்பது வயது ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். விருந்தாளி முன்னால் அழுக்காக உட்கார முடியுமா?

வந்த பெண் சமைப்பீர்களா, குளிப்பீர்களா என்று கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் முடியும் என்றேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். முழங்கால் உயிரை வாங்கியது, முகத்தில் காட்டவில்லை. நாற்பது வருஷம் பனியில் பேருந்து ஓட்டியவன் நான்.

ஒரு மாதத்தில் தபால் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறார் என்று எனக்குத் தரும் உதவியைக் குறைத்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் வந்து என்னைக் குளிப்பாட்டிய பணிப்பெண் இனி ஒரு நாள்தான் வருவார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

செந்தாய் நகரத்திலிருந்து மகள் தொமோயோ போனில் பிடித்துக்கொண்டாள்.

"பரீட்சையா எழுதினீங்க? நல்ல மார்க் வாங்கிட்டு உக்காந்திருக்கீங்களேப்பா."

தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அவளும் வேலைக்குப் போகிறவள், ஆறாவது மாடி, எனக்கு யாரையும் தெரியாது. இங்கேயே எங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நடக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், உங்களுக்கு எதற்கு அந்த இடம் என்றாள். பெற்ற அப்பனை மகள் தள்ளிவிட்டாள் என்று பேசுவார்களே என்பதுதான் உள்ளே இருந்த பயம். எதிர்வீட்டு அம்மாள் பேச ஆரம்பித்தும் விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இல்லத்தில் சேர மகளின் கையெழுத்து வேண்டும். அவள் போடாவிட்டால், வருகிற குளிர்காலத்தில் அந்தக் குளியல் தொட்டியில் நான் தனியாக இறங்க வேண்டும்.

எப்படியோ இடத்தைப் பார்க்க மட்டும் அவளை அழைத்துப் போனேன். இல்லத் தலைவி ஒனோதெரா அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார்: இவ்வளவு தெம்பாக இருக்கிறீர்களே, ஏன் வருகிறீர்கள்? எல்லாம் முடியும் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அடக்கிக்கொண்டேன். தொமோயோ முன்னால் வைத்த படிவத்தையும் பேனாவையும் தொடவே இல்லை. ஒனோதெரா அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"போன பிப்ரவரியில தொட்டிக்குள்ள வழுக்கிட்டேன். எந்திரிக்க முடியல. தண்ணி ஆறி ஜில்லுன்னு ஆயிடுச்சு. மூணு மணி நேரம் கெடந்தேன். அன்னியிலேருந்து பயமா இருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல."

தொமோயோ என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்திருப்ப."

"வந்திருப்பேன்."

"அதான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது.

இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. மிசோ சூப்பில் உப்புப் போதாது. பக்கத்து அறைக்காரர் ஷோகி ஆட்டத்தில் காயை நைசாக நகர்த்துகிறார். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் தவறாமல் கழுத்துவரை வெந்நீரில் கிடக்கிறேன். கதவுக்கு வெளியே இல்லத்துப் பணிப்பெண் குதோ அம்மா துண்டு மடித்துக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறார்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."