கண்ணாடிக் கதவில் அக்காவின் கூந்தல்

பொடிசு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயதாகிவிட்டது, சொந்தமாக ஒரு பார்லர் நடத்துகிறாள், வருகிறவர்கள் எல்லாம் மேடம் மேடம் என்கிறார்கள். அக்கா வாயில் மட்டும் இன்னும் பொடிசுதான். அன்றைக்கு அந்த அக்கா வாயையே திறக்கவில்லை. தலை கழுவும் தொட்டியில் பின்கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி, தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? முடியா, துடைப்பமா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதே கையாலதானே மருந்து போட்டு நேரா நீட்டி விட்டேன்? சீப்பை வெச்சா தானா வழுக்கிட்டு இறங்குச்சே! இப்போ விரலே உள்ளே போக மாட்டேங்குது!”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பொடிசு ஒரே ஒரு முடியை எடுத்து நனைத்து, இரண்டு கைவிரல்களுக்கு நடுவே இழுத்தாள். நல்ல முடி என்றால் ஈரத்தில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், விட்டால் பழையபடி சுருங்கும். இது நீளவே இல்லை. இழுத்த மாத்திரத்தில் பட்டென்று அறுந்தது. இன்னொன்றை இழுத்தாள், அதுவும் பட். தொட்டியின் வெள்ளைப் பீங்கானில் அரை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒன்றிலாவது வேர் இருக்க வேண்டுமே? கிடையாது. உதிர்ந்திருந்தால்கூட முளைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது நட்ட நடுவில் உடைந்த முடி.

ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் பட்டதும் அக்காவின் தலை ஓரம் முழுக்கச் செம்பு நிறத்தில் பளிச்சிட்டது.

“மருதாணி!”

“ம்.”

“என்ன ம்? மருதாணி பக்கமே போகாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன.”

“அப்புறம் ஏன் போட்ட?”

“நரை தெரிஞ்சுது. வாங்கிப் போட்டேன்.”

“எந்தக் கடையில?”

“ஏதோ ஒரு கடை.”

எந்தக் கடை என்று தெரிந்தால் நேரே போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்று பொடிசுக்குக் கை துறுதுறுத்தது. அக்காவோ கல்லுளிமங்கன் மாதிரி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுதான் அதிசயம். அக்கா பதிவு அலுவலகத்தில் முதல் மேசையில் உட்காருகிறவள். எந்தக் காகிதம் வந்தாலும் முன்னும் பின்னும் இரண்டு தடவை படிக்காமல் முத்திரை குத்த மாட்டாள். யாராவது குரலை உயர்த்தினால் அவர்கள் முடிப்பதற்குள் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் வாயில் இன்று பூட்டு.

“அதுக்கப்புறம் என்ன பண்ணின? மறைக்காம சொல்லு.”

“காஞ்சு போச்சேன்னு முட்டை போட்டேன்.”

“எத்தனை தடவை?”

“வாராவாரம்.”

பொடிசு நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஈரக் கை, நெற்றி முழுக்கத் தண்ணீர். “முட்டையை வாணலியில போடுவாங்க, தட்டுல போடுவாங்க, நீ ஏற்கெனவே விறைச்சுக் கிடக்கிற முடியில போட்டியா? மருந்து வெச்சு நீட்டின முடியில பாதி பலம் அன்னைக்கே போயிருக்கும். அது மேல மருதாணி போய் ஓடு மாதிரி ஒட்டிக்கும். உள்ளே ஈரம் இறங்காது. காஞ்சு காஞ்சு உடையும். அதுக்கு ஈரப்பதம் கொடுக்கணும், மெதுவா சிக்கெடுக்கணும், சூடு காட்டாம இருக்கணும். நீ முட்டையைப் போட்டு இன்னும் விறைக்க வெச்சிருக்க! ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன? நான் என்ன வேற கிரகத்துலயா இருக்கேன்?”

அவள் இப்படிக் கொதித்ததற்கு முடி மட்டும் காரணமில்லை. பார்லர் திறந்து நாலு மாதம்தான் ஆகிறது. வாசல் கண்ணாடிக் கதவில் ஆளுயரத்துக்கு ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். முகம் தெரியாது, பின்பக்கம்தான்: இடுப்புவரை நேராக இறங்கும் கறுப்புக் கூந்தல். அது அக்காவுடையது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் உள்ளே வந்தார்கள். நேற்று ஒருத்தி வாசலில் நின்று படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவங்க பதிவு ஆபீஸ்ல இருக்கிறவங்கதானே? அவங்க முடி இப்போ இப்படி இல்லையே” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள். மூன்று வாரமாக அக்கா ஏன் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று பொடிசுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று காலையில் அரை நாள் லீவு போடவைத்து இழுத்து வந்துவிட்டாள்.

இழுத்து வந்த நேரமும் சரியில்லை. பெரிய நாற்காலியில் டியூஷன் டீச்சர் உட்கார்ந்திருந்தார். காலை ஏழரைக்கு வந்தவர். மருந்து போட்டு, கழுவி, உலர்த்தி, கடைசியாக முடியை நேராக்கும் சூட்டுக் கட்டையை இழுக்கும் வேலை மட்டும் பாக்கி. சுற்று வட்டாரத்தில் நாற்பது வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் படிக்கின்றன. அவர் காலையில் நல்லது என்றால் சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டிலும் நல்லது, கெட்டது என்றால் அதற்குள் கெட்டது. அவருக்கு முன்னால்தான் இந்தக் கூத்து.

டீச்சர் கண்ணாடி வழியாகத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், அவங்களுக்கும் நீங்கதானே பண்ணி விட்டீங்க? எனக்குப் போட்ட அதே மருந்தா?” என்று கேட்டார்.

பொடிசு வேகமாக டீச்சர் பக்கம் வந்து கட்டையை எடுத்தாள். “டீச்சர், மருந்து மேல ஒரு குத்தமும் இல்லை. வீட்டுக்குப் போய் இவங்க பண்ற வேலைதான். எல்லாரும் இப்படித்தான். போன வாரம் மருந்துக்கடைக்காரம்மா வந்தாங்க. காஞ்சு போச்சு, உடையுதுன்னு ஒரே புலம்பல். ‘நான் வேற எதுவும் போடலை, நீங்க...’ன்னு என்னவோ ஆரம்பிச்சாங்க. விடுவேனா? வீட்ல கண்டதைத் தடவிட்டு வந்து என் கடை மேல பழி போடாதீங்கம்மான்னு வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.”

டீச்சர் தலையை ஆட்டினார். ஆனாலும் அவர் கண் அக்காவை விட்டு நகரவில்லை.

வேறு வழியில்லை என்று பொடிசு முடிவு செய்தாள். “அக்கா, நீயே உன் வாயால சொல்லு. யார் தப்பு?”

அக்கா தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். காதோரம் தண்ணீர் வழிந்தது. தங்கையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். வெளியாள் முன்னால், ஐம்பதை நெருங்குகிற வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருந்தும் சொன்னாள்.

“என் தப்புதான் டீச்சர். இவ மேல ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் பண்ணி விட்டா. நான்தான் மருதாணி போட்டுக் கெடுத்துக்கிட்டேன்.”

“கேட்டீங்களா?” என்றாள் பொடிசு. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சரும் பெருமூச்சு விட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் டீச்சரின் வேலை முடிந்தது. அதற்குள் அக்காவின் தலையில் கனமாகக் கண்டிஷனரைப் பூசி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, தோளுக்குக் கீழே எதுவும் தேறாது, வெட்டியே ஆக வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நுனியில் ஒரு விரற்கடைக்கு மேல் யாரையும் வெட்ட விடாதவள் அக்கா. “வெட்டு” என்றாள். அவ்வளவுதான். அதுவும் பொடிசுக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டுத் தொலைத்தாலாவது மனம் ஆறும்.

டீச்சர் கண்ணாடியில் இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்கே ரெண்டு பேரை அனுப்புறேன் மேடம்.”

“மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது, காதுக்குப் பின்னால ஒதுக்கக்கூடாது” என்று சொல்லிக்கொண்டே பொடிசு அலமாரியிலிருந்து ஒரு ரோஸ் நிறத் துணிப் பையை எடுத்தாள். முடி நீட்டிக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் அவள் கொடுக்கிற பரிசு அது. வெறுங்கையோடு யாரையும் அனுப்பக்கூடாது என்பது அவள் கொள்கை. அகலப் பல் சீப்பு ஒன்று, ஷாம்பு ஒன்று, பச்சை நிறத்தில் மூலிகைக் கூந்தல் பொடி ஒரு பாக்கெட். “ரெண்டு வாரம் கழிச்சு இந்தப் பொடியைக் குழைச்சுப் போடுங்க டீச்சர். முடிக்கு நல்ல பலம்.”

பின்னால் நாற்காலி தடாலென்று நகர்ந்தது. அக்கா எழுந்து வந்தாள். பிளாஸ்டிக் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது, வந்த வழி முழுக்கக் கண்டிஷனர் சொட்டியது. டீச்சரின் கையிலிருந்து பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இதைக் கொடுக்காத பொடிசு.”

“அக்கா! என்ன இது, பைத்தியமா உனக்கு?”

“எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறியா? எனக்கு மட்டும்னு நினைச்சேனே!” அக்கா பச்சைப் பாக்கெட்டை வெளியே எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பித் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “படி.”

எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பொடிசு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். சேர்க்கப்பட்டவை என்ற வரிக்குக் கீழே முதல் பெயரே மருதாணி இலைப் பொடிதான். அடியில் இன்னொரு வரி: ரசாயனம் கொண்டு நேராக்கிய கூந்தலுக்கு உகந்ததல்ல.

சரக்கு கொண்டுவருகிற ஏஜென்ட் கடை திறந்த அன்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய இறக்கிவிட்டுப் போனான். மூலிகை என்று முன்னால் போட்டிருந்தது. பச்சை நிறம் கடைச் சுவருக்கு எடுப்பாக இருந்தது. பொடிசு பார்த்தது அவ்வளவுதான். வருகிறவர்களிடமெல்லாம் டப்பாவின் பின்னால் படிக்க மாட்டீர்களா என்று எரிந்து விழுகிற பொடிசு, இந்தப் பாக்கெட்டை ஒரு முறை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

“ஏதோ கடைன்னு சொன்னியே” என்றாள்.

“வேற என்ன சொல்லச் சொல்ற? சிவப்பு ஏறின பிறகுதான் பின்னாடி படிச்சேன். நீ கொடுத்ததாச்சேன்னு முதல்ல படிக்கவே தோணலை.” அக்கா முந்தானையால் காதோரத்தைத் துடைத்துக்கொண்டாள். “கதவுல அந்தப் படத்தை ஒட்டிட்டு நீ எதிர்ப்பக்கம் போய் நின்னு பார்த்தியே, அந்த முகம் ஞாபகம் வந்துச்சு. என் முடி போனது போனதுதான், இவ மனசையும் ஏன் ஒடிக்கணும்னு விட்டுட்டேன்.”

இத்தனை திட்டையும் இதற்காகத்தான் வாங்கிக்கொண்டாளா என்று பொடிசு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழலாம், ஆனால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“அப்போ என் முடி?” என்றார் டீச்சர் மெதுவாக.

“உங்க முடிக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். அந்தப் பொடியை மட்டும் தொடாதீங்க.” சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது, சொன்னால் கடையின் பெயர் என்னவாகும் என்றும் தெரிந்தது. “இன்னொரு உதவி. சாயங்காலம் உங்ககிட்ட வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க. இந்தக் கடையில கொடுத்த பச்சைப் பாக்கெட் யார் வீட்ல இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்லுங்க. தெரியாம நான்தான் கொடுத்துட்டேன்னும் சொல்லுங்க.”

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, ரெண்டு பேரை அனுப்புவதைப் பற்றியும் மறுபடி பேசவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கதவுக் கண்ணாடியில் அக்காவின் கூந்தல் ஆடி நின்றது.

“உன் தலையைக் கழுவணும், நேரமாச்சு” என்றாள் பொடிசு.

“கழுவலாம். முதல்ல போனை எடு.”

மேசை இழுப்பறையிலிருந்து வரவு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். முடி நீட்டிக்கொண்டவர்கள் அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், டீச்சர் நீங்கலாக. சிலர் போன மாதம்தான் வந்திருந்தார்கள், பொடியை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள் என்று நம்பலாம். பொடிசு ஒவ்வொரு எண்ணுக்கு நேரேயும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பேனா நின்றது. அக்கா எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரம்மா.

“இவங்களுக்கே முதல்ல போடு” என்றாள் அக்கா.

போன் இரண்டு தடவை ஒலிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பொடிசு தன் கடைப் பெயரைச் சொன்னாள். பின்னணியில் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் கொடுத்த பையில ஒரு பச்சைப் பாக்கெட் இருந்துச்சே, அதையா போட்டீங்க?”

“அதைத்தானேம்மா அன்னைக்குச் சொல்ல வந்தேன்” என்றார்கள் மருந்துக்கடைக்காரம்மா. “நீங்க கொடுத்ததைத் தவிர நான் வேற எதுவும் போடலைன்னு. நீங்க எங்கே சொல்ல விட்டீங்க?”